15ஆம் இடம், 42 புள்ளி: யுனைட்டெட்டில நம்பிக்கை வைக்கக் காரணம் ஏதும் இருக்கோ?

இரணைமடு வான்கதவு:
இது 2025 யூன். மன்செஸ்டர் யுனைட்டெட் 15ஆவதா வந்த 2024-25 இங்கிலாந்துப் பிரிமியர் லீக் முடிஞ்சு மூண்டு கிழமையாச்சு. அழுறவை அழுது முடிச்சிட்டினம், கிண்ணத்தைத் தூக்கின லிவர்பூல்காரரும் எங்களைப் பாத்துச் சிரிச்சு முடிச்சிட்டினம். இனிக் கணக்குப் பாப்பம்.

38 மட்ச். 11 வெற்றி, 9 சமநிலை, 18 தோல்வி. அடிச்சது 44, வாங்கினது 54. சொந்த மைதானம் ஓல்ட் ட்ரஃபோர்டில மட்டும் 9 தோல்வி. 1973-74 இல கீழ்ப்பிரிவுக்கு இறங்கின பிறகு மன்செஸ்டர் யுனைட்டெட் இவ்வளவு கீழ முடிச்சதில்லை. பிரிமியர் லீக் காலத்தில இதுக்கு முதல் ஆகக்குறைஞ்ச புள்ளி 2021-22 இல எடுத்த 58. அதிலயிருந்து 16 கீழ.

கேள்வி இதுதான். வாற பருவம் மாறும் எண்டு நம்புறவை, எதைப் பாத்து நம்புறியள்? "பெரிய கழகம்", "பழைய பயிற்றுவிப்பாளர் ஃபேர்கஸனுக்கும் நேரம் குடுத்தவை" எண்ட பழைய பாட்டு வேண்டாம். எந்த மட்ச், என்ன பிழைச்சது, அது திருத்தக்கூடிய பிழையோ, உப்பிடி எழுதுங்கோ.

துணுக்காய் 8:
அண்ணை, என்ர காரணம் யூரோப்பா லீக், ஐரோப்பாக் கழகங்களின்ர ரெண்டாந்தரக் கிண்ணம். இறுதிக்கு முதல் 14 மட்ச், 9 வெற்றி, 5 சமநிலை, தோல்வியே இல்லை. அதில நவம்பரில வந்த பயிற்றுவிப்பாளர் அமோரிம் நடத்தின பத்தை மட்டும் எடுங்கோ: 8 வெற்றி, 2 சமநிலை. லீக்கில அதே ஆள், அதே 3-4-2-1 (பின்களத்தில மூண்டு, நடுவில ரெண்டும் கரையில ரெண்டும், அவைக்கு முன்னால "10" எண்டு சொல்லுற ரெண்டு பேர், முன்னால ஒராள்), 27 மட்ச்: 7 வெற்றி, 6 சமநிலை, 14 தோல்வி. ஒரு ரீம் ரெண்டு விதமா விளையாடுதெண்டா அமைப்பு முழுக்கப் பிழையெண்டு சொல்லேலாது.

மே 1, அரையிறுதியில அத்லெட்டிக் பில்பாவோவின்ர மைதானத்தில அடிச்ச முதல் கோலை எடுங்கோ. மக்வாயர் வலது கரையில விங்கர் மாதிரி ஆளை வெட்டிக் கடந்து பந்தை உள்ளுக்கு அனுப்பினார். உகார்டே முன்கம்பத்தில தலையால தட்டிவிட்டார், கஸமிரோ பின்கம்பத்தில தலையால முடிச்சார். நடுப் பின்கள வீரன் கரையால ஏறேக்க, நடுவில இருக்கிற ரெண்டு பேர் பெட்டிக்குள்ள நிக்கினம். எழுந்தமானமா வாற கோல் இல்லை, பழக்கி எடுத்தது. அங்க 3-0, பேந்து ஓல்ட் ட்ரஃபோர்டில 4-1.

மாங்குளம் சந்தி:
தம்பி துணுக்காய், நல்லா எழுதியிருக்கிறீர். நான் மற்றப் பக்கத்தைச் சொல்லுறன்.

இறங்கின மூண்டு ரீம்: லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்டன். அவையோட யுனைட்டெட் விளையாடினது 6 மட்ச், எடுத்தது 16 புள்ளி. லெஸ்டருக்கு ரெண்டு தரமும் 3-0, சவுத்தாம்டனுக்கு 3-0, 3-1, இப்ஸ்விச்சோட 1-1, 3-2. 42 இல 16 ஐக் கழியுங்கோ. மிச்சம் 32 மட்சில 26 புள்ளி. ஒரு மட்சுக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

இன்னொண்டு. அமோரிம் வந்த பிறகு லீக்கில அடுத்தடுத்து ரெண்டு மட்ச் ஒருக்காவும் வெல்லேல்லை. வெண்டது எவர்ட்டன், மன்செஸ்டர் சிற்றி, சவுத்தாம்டன், ஃபுல்ஹம், இப்ஸ்விச், லெஸ்டர், வில்லா. ஏழும் தனித்தனித் தீவு. மார்ச் 16 இல லெஸ்டரை அடிச்சாப்பிறகு அடுத்த லீக் வெற்றி மே 25, கடைசி நாள். இடையில எட்டு மட்ச் வெறுங்கை.

கடைசியா அந்த யூரோப்பா இறுதி. லீக்கில 17ஆம் இடத்தில, 38 புள்ளியோட நிண்ட ஸ்பர்ஸிட்ட (டொட்டன்ஹம்) 1-0 தோல்வி. அந்தப் பருவத்தில அவையோட நாலு மட்ச், நாலும் தோல்வி. இதில எங்க நம்பிக்கை?

ஏ9 பின்கள வீரன்:
மாங்குளத்தாற்றை கணக்கு அவ்வளவும் சரி. ஆனா அந்த இறுதியிலதான் விடை இருக்கு. ஸ்பர்ஸ் முழு மட்சிலயும் கோலுக்கு அடிச்சது 3 தரம். யுனைட்டெட் 16. ஜோன்சன்ர கோல் 42ஆம் நிமிசம், லூக் ஷோவில பட்டுத் தடுமாறி உள்ளுக்குப் போன பந்து. அதுக்குப் பிறகு அவை பெட்டிக்கு முன்னால ரெண்டு வரிசை போட்டு இருந்திட்டினம். யுனைட்டெட்டுக்குத் திறக்கத் தெரியேல்லை. லீக் முழுக்கப் பிடிச்ச வருத்தமும் அதுதான்.

3-4-2-1 இல எது பிழைச்சது எண்டு பிரிச்சுப் பாப்பம். நடுவில ரெண்டு பேர். எதிரணிக்கு நடுவில பெரும்பாலும் மூண்டு. அந்த மூண்டாவது ஆளை ஆர் பிடிக்கிறது? முன்னால நிக்கிற ரெண்டு 10 இல ஒராள் பின்னுக்கு இறங்கவேணும், இல்லாட்டி மூண்டு பின்களத்தில ஒராள் தன்ர வரிசையை விட்டு முன்னுக்குப் பாயவேணும். முதலாவதைச் செய்தால் பந்தைப் பறிக்கேக்க முன்னால ஆளில்லை. ரெண்டாவதைத் துணிஞ்சு செய்யக்கூடிய ஆள் லிசாண்ட்ரோ மார்ட்டினஸ். பெப்ரவரி 2, பலஸ் மட்சில அவருக்கு முழங்கால் போச்சு. அதோட அந்தப் பாய்ச்சலும் போச்சு.

ரெண்டாவது பிழை, பந்தைப் பின்னால இருந்து கொண்டு வாறது. லீக்கில கன ரீம் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு நெருக்குது. அப்ப கோலி ஒனானாவுக்கு மிச்சம் ஒரே வழி: நடு முன்கள வீரன் ஹொய்லுண்டின்ர தலைக்கு நீளமா அடிக்கிறது. ஹொய்லுண்ட் பின்னால ஆளை வச்சுக்கொண்டு பந்தை நிப்பாட்ட வல்லவர் இல்லை. தட்டுப்பட்டு விழுற ரெண்டாவது பந்துக்குக் கிட்ட ஆக்களும் இல்லை, ஏனெண்டா கரை ரெண்டு பேரும் இறங்கி அஞ்சு பேர் பின்னால, நடுவில ரெண்டே பேர். பந்து எதிரணிக்கு.

யூரோப்பாவில ஏன் ஓடினது எண்டதுக்கும் காரணம் இதுதான். அத்லெட்டிக் தங்கட மைதானத்தில தங்கட பின்கள வரிசையை மேல தூக்கி நிண்டவை. பின்னால இடம் கிடந்தது, யுனைட்டெட் ஓடிச்சு. ஆக ஓடிப்பிடிக்கிற ஆட்டம் இந்த ரீமுக்கு வரும். ஒதுங்கி இருக்கிறவனைத் திறக்கிற ஆட்டம்தான் வராது. முதலாவதைப் பழக்கிறதுதான் கஷ்டம், அது கையில இருக்கு. ரெண்டாவதுக்குத் தேவை தனி ஆளா ஒருத்தனை வெட்டிக் கடக்கக்கூடிய ரெண்டு முன்கள வீரர்.

தண்ணீரூற்று:
எல்லாரும் அமைப்பைப் பற்றிக் கதைக்கிறியள். நான் நாள்காட்டியைப் பற்றிக் கதைக்கிறன், ஏனெண்டா என்ர நம்பிக்கை முழுக்க அதிலதான்.

யுனைட்டெட் போன பருவம் விளையாடினது 60 மட்ச்: லீக் 38, யூரோப்பா 15, எஃப்.ஏ. கிண்ணம் 3, லீக் கிண்ணம் 3, கொம்யூனிட்டி ஷீல்ட் 1. அமோரிம் நவம்பர் 24 இப்ஸ்விச் மட்சில தொடங்கினவர். அதிலயிருந்து மே 25 வரைக்கும் அவருக்கு மட்டும் 42. ஆறு மாசம், சராசரி நாலு நாளுக்குக் கொஞ்சம் கூட ஒரு மட்ச்.

இப்ப ஒரு கிழமையைப் பிரியுங்கோ. வியாழன் இரவு யூரோப்பா. வெள்ளி, விளையாடினவை சைக்கிளும் ஐஸ் தண்ணியும். சனி மெல்லிய ஓட்டமும் கோர்னர் நிலைகளும். ஞாயிறு லீக். திங்கள் திரும்பவும் களைப்பாறல். செவ்வாய் ஒரு நாள் ஏதும் பழகலாம். புதன் பயணம். ஆக, பதினொரு பேரை வச்சு அமைப்பைப் பழக்க ஒரே ஒரு நாள், அதுவும் கால் களைச்ச ஆக்களோட. இறுதியில தோத்ததால வாற பருவம் யுனைட்டெட்டுக்கு ஐரோப்பாக் கிண்ணம் இல்லை, சனிக்குச் சனிதான் மட்ச். ஞாயிறு களைப்பாறல், திங்கள் லீவு, செவ்வாய், புதன், வியாழன் முழுப் பயிற்சி, வெள்ளி மெல்லிசா. ஒரு நாள் மூண்டாகுது.

பருவம் நடுவில அமைப்பை மாத்தினது, விதைச்சு முளைச்ச வயலுக்குள்ள ட்ரக்டரை விட்டு உழுதமாதிரி. சிறுபோகம் அழிஞ்சது அழிஞ்சதுதான். காலபோகத்துக்கு நிலம் பண்படுத்த இந்த ஆள் முதல்தரமா முழுக் கோடைப் பயிற்சியும் கையில எடுக்கிறார்.

முன்னுதாரணம் இருக்கு. செல்சி 2015-16 இல 10ஆம் இடம். அடுத்த பருவம் ஐரோப்பா இல்லை, பயிற்றுவிப்பாளரா கொன்ரே வந்தார். 2016 செப்டெம்பரில ஆர்சனலிட்ட 3-0 வாங்கினாப்பிறகு 3-4-3 க்கு மாறி 13 மட்ச் அடுத்தடுத்து வெற்றி, 93 புள்ளி, கிண்ணம்.

மாங்குளம் சந்தி:
செல்சியைக் கொண்டு வருவியள் எண்டு தெரியும் ஐயா. அந்த 10ஆம் இடத்து ரீமில ஹசார்டும் கொஸ்டாவும் ஏற்கெனவே நிண்டவை. அடுத்த பருவம் லீக்கில கொஸ்டா 20 கோல், ஹசார்ட் 16. அதுக்கு மேல காண்டேயை வாங்கினவை. எங்களிட்ட லீக்கில ஆகக்கூட அடிச்சது புருனோவும் அமாட்டும், ஆளுக்கு 8. நடு முன்களம் எண்டு சம்பளம் வாங்கிற ரெண்டு பேர், ஹொய்லுண்ட் 4, சிர்க்சே 3. சேர்த்து 7. கூடப் பயிற்சி குடுத்தா 7 எங்க 20 ஆகப்போகுது?

தண்ணீரூற்று:
ஞாயமான அடி. அப்ப 93 ஐ விடுங்கோ. அதே செல்சி 2022-23 இல 44 புள்ளி, 12ஆம் இடம். எங்கட கணக்குக்குக் கிட்டத்தட்டச் சரி. ஐரோப்பா இல்லாத அடுத்த பருவம் 63 புள்ளி, 6ஆம் இடம். அதிலயும் பால்மர் எண்ட ஒராள் 22 கோல் அடிச்சவர் எண்டதையும் நானே சொல்லிப்போடுறன், நீங்கள் சொல்லமுதல். நாள் கூடக் கிடைக்கிறதும் கோல் அடிக்கிற ஆள் வாறதும் சேர்ந்து வரவேணும். ஒண்டு மட்டும் போதாது.

கொக்கிளாய்க் காத்து:
கோல் பற்றிக் கதை வந்ததால சொல்லுறன். முன்கள வீரன் குன்யா யுனைட்டெட்டுக்குக் கையெழுத்து வச்சாச்சு, 62.5 மில்லியன் பவுண்ஸ். வூல்வ்ஸுக்கு லீக்கில 15 கோல் அடிச்சவர். வூல்வ்ஸ் முடிச்சதும் எங்களோட அதே 42 புள்ளிதான். அப்பிடி ஒரு ரீமில நிண்டு 15. எம்பியூமோவைக் கேக்கினம் எண்டும் கதை அடிபடுது, பிரெண்ட்ஃபோர்டுக்கு அவர் அடிச்சது 20. ஆனா முதல் விலையைப் பிரெண்ட்ஃபோர்ட் தள்ளிப்போட்டுது. உடுப்புப் போட்டுப் படம் எடுக்கிற வரைக்கும் நான் அவரைக் கணக்கில எடுக்கேல்லை.

குன்யா ஏன் பொருத்தம்? அந்த ரெண்டு 10 இல இடப்பக்கத்தில நிண்டு, பந்தை நடுக்கோட்டுக்குக் கிட்ட வாங்கி, திரும்பி, தானே கொண்டு ஓடுவார். ஏ9 சொன்ன "தனி ஆளா வெட்டிக் கடக்கிற" வேலை அதுதான். பிழை என்னெண்டா ஆளுக்குக் கோவம் கூட.

இதில ஒரு பகிடி. டிசெம்பர் 26 இல வூல்வ்ஸ் எங்களை 2-0 அடிச்சது ஞாபகமோ? முதல் கோல் கோர்னரில இருந்து நேரா, ஒருத்தரிலயும் படாமல். அடிச்சது இதே குன்யா. அதுக்கு ஒரு கிழமைக்கு முதல், டிசெம்பர் 19, லீக் கிண்ணத்தில ஸ்பர்ஸின்ர சொன்னும் கோர்னரில இருந்து நேரா அடிச்சவர். அப்ப கோலி பைந்திர், பிறகு கோலி ஒனானா. டிசெம்பர் 4, ஆர்சனல் 2-0, ரெண்டும் கோர்னர். ஒரு மாசத்தில நாலு.

இதை நான் நம்பிக்கைப் பக்கத்திலதான் எழுதுறன். கோர்னரில வாங்கிற கோல் திருத்த ஆகச் சுகமான பிழை. ஓட்டம் தேவையில்லை, திறமையும் பெரிசாத் தேவையில்லை, ஆர் எங்க நிக்கிறது எண்டு முடிவெடுத்தாப் போதும். இப்பிடி வாங்கேக்க பெரும்பாலும் நடந்தது ஒண்டுதான்: எதிரணி ரெண்டு மூண்டு பேரை கோலுக்கு முன்னால இருக்கிற சின்னப் பெட்டிக்குள்ள கோலியைச் சுத்தி நிறுத்திச்சு. கோலிக்கு முன்னால நிண்டு வழி எடுத்துக் குடுக்க எங்கட பக்கம் ஆளில்லை. கோலி கையைத் தூக்க முதல் பந்து கடந்துபோச்சு.

இரணைமடு வான்கதவு:
இப்பத்தான் இழை நான் நினைச்ச பாதைக்கு வருது. துணுக்காய்த் தம்பி, யூரோப்பாக் கால் இறுதியில லியோனோட விளையாடின மட்சை ஏன் விட்டனீர்?

துணுக்காய் 8:
வேணுமெண்டுதான் விட்டனான் அண்ணை. ஏப்ரல் 17 எல்லாருக்கும் பிடிக்கும், ஆனா அதைக் காரணமாக் காட்டேலாது. 2-0 முன்னிலையை விட்டு, பேந்து 10 பேரோட நிண்ட லியோனிட்ட மேலதிக நேரத்தில 4-2 எண்டு பின்னுக்குப் போன ரீம் அது. 114 இல புருனோ பெனால்டி, 120 இல மெய்னூ, அடுத்த நிமிசம் மக்வாயர் தலையால. 5-4. மக்வாயர் அப்ப நடு முன்களத்தில நிண்டவர். அது பயிற்சி இல்லை, கடவுள் கிருபை.

அதில நான் எடுக்கிறது ஒண்டே ஒண்டு. பெனால்டியை வாங்கிக் குடுத்தது கஸமிரோ, மற்ற ரெண்டுக்கும் பந்தைப் போட்டுக் குடுத்ததும் கஸமிரோ. "முடிஞ்சுது, அனுப்புங்கோ" எண்டு எல்லாரும் சொன்ன ஆள். பின்னால இருந்து ஓடிவாறவனைத் துரத்த அவருக்குக் கால் இல்லை, சரி. பெட்டிக்குப் பக்கத்தில நிப்பாட்டினா மூளை அப்பிடியே இருக்கு.

பூநகரிப் பாலம்:
நான் கேக்கிறது கொஞ்சம் வெளியால. போன பருவம் இதைப் பாத்திட்டு எங்கட பக்கத்தில ரெண்டு மூண்டு பாடசாலை ரீமும் மூண்டு பின்களம் போடத் தொடங்கியிருக்கு. எங்கட மைதானங்களுக்கு அது சரிவருமோ? நெடுங்கேணி ஐயா பயிற்சி குடுக்கிற ஆள், சொல்லுங்கோ.

நெடுங்கேணி 4:
வரும், ஆனால் மூன்று விடயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, விங்பக், அதாவது கரையால் மேலும் கீழும் ஓடுபவர். இந்த அமைப்பில் ஆகக்கூட ஓடுபவர் அவர்தான். கிறவல் தரை, ஆடி மாத வெயில், 16 வயதுப் பிள்ளை. 25 நிமிடத்தில் களைத்து நடக்கத் தொடங்குவார். அவர் நடந்தால் ஐந்து பின்களம் நாலாகாது, மூன்றாகும். பக்கத்துக்கு இரண்டு பேர் இல்லாத அணி இந்த அமைப்பைத் தொடவே கூடாது. பயிற்சியைக் காலை ஏழரைக்குள் முடியுங்கள், இல்லாவிட்டால் பின்னேரம் நாலரைக்குப் பிறகு தொடங்குங்கள்.

இரண்டாவது, மூன்று பேருக்கும் இடையிலான தூரம். பிள்ளைகளுக்கு வாயால் சொன்னால் விளங்காது. எட்டு மீட்டர் நைலோன் கயிறு இரண்டு எடுங்கள். நடுவில் நிற்பவர் இரண்டு கயிற்றின் முனையையும் பிடிக்க, பக்கத்து இருவரும் மற்ற முனைகளைப் பிடிக்கட்டும். பந்தை ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்கு மாற்றுங்கள். மூவரும் கயிறு தொய்யாமல், இழுபடாமல் பக்கவாட்டில் நகர வேண்டும். கயிறு தொய்ந்தால் இருவர் ஒரே ஆளைப் பிடிக்கிறார்கள். கையை விட்டு இழுபட்டுப் போனால் இடையால் பந்து போகும். பத்து நிமிடம் போதும், பிறகு கயிற்றை வாங்கிவிட்டு அதையே செய்விக்கவும்.

அது பிடிபட்ட பிறகு பாதி மைதானத்தில் எட்டுக்கு ஏழு. தடுக்கும் பக்கம் கோலி, மூன்று பின்களம், இரண்டு விங்பக், இரண்டு நடு. தாக்கும் பக்கம் ஏழு பேர். ஒரு விதி மட்டும்: பந்து ஒரு கரைக்குப் போனால், தூரக் கரை விங்பக் உள்ளுக்கு வந்து நாலாவது பின்களமாக நிற்க வேண்டும். நிற்காமல் கோல் விழுந்தால் அது இரண்டு கோல். ஆறு நிமிடம் ஆட்டம், இரண்டு நிமிடம் ஓய்வு, நாலு தரம். பிழைக்கிற இடம் எப்போதும் அந்தத் தூரக் கரைதான். பிள்ளை பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும், முதுகுக்குப் பின்னால் ஆள் வருவது தெரியாது. ஓல்ட் ட்ரஃபோர்டிலும் அதுதான் நடந்தது, சம்பளம்தான் வேறு.

மூன்றாவது பந்து. அளவு 5 பந்தின் காற்றழுத்தத்துக்கு விதி குடுக்கும் எல்லை 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. எங்கள் காய்ந்த தரையில் 12க்கு மேல் அடித்தால் பந்து இடுப்புக்கு மேல் துள்ளும், பின்னால் இருந்து தரையால் விளையாடவே முடியாது. 9 போதும். சோளகம் அடிக்கும் நாட்களில் காற்றை எதிர்த்து நிற்கும் பாதியில் கோலி நீளமாக அடிக்கக் கூடாது, பந்து நடுக்கோட்டுக்கும் போகாது. அந்தப் பாதியில் நடுப் பின்களத்துக்குக் குடுத்துத் தொடங்குங்கள்.

பூநகரிப் பாலம்:
பெரிய உதவி ஐயா. 8 மீட்டர் கயிறு 14 வயசுப் பிள்ளையளுக்கும் சரியோ?

நெடுங்கேணி 4:
அவர்களுக்கு ஆறரை. மைதானத்தையும் சுருக்குங்கள்.

மாங்குளம் சந்தி:
சரி, நானும் ஒரு நல்ல விசயம் சொல்லுறன், பிறகு என்னை அபசகுனம் எண்டு சொல்லாதேங்கோ. அமாட். ஜனவரி 16, சவுத்தாம்டனிட்ட 1-0 பின்னுக்கு நிண்ட மட்ச். 82ஆம் நிமிசத்தில தொடங்கி முடியிறதுக்குள்ள மூண்டு கோல். சிற்றியை அவையின்ர இடத்தில 2-1 அடிச்ச கோலும் 90 இல அவர்தான், லிவர்பூலின்ர அன்ஃபீல்டில 2-2 ஆக்கினதும் அவர்தான். பெப்ரவரியில கணுக்கால் போய், மே மாசம்தான் திரும்பினவர். மார்ட்டினஸும் அமாட்டும் ஒரே மாசத்தில போன பிறகுதான் லீக் முழுசாச் சரிஞ்சது. 22 வயசு, 2030 வரைக்கும் ஒப்பந்தம். அவரை விங்பக்கில வச்சு மேலும் கீழும் ஓட விடாமல் 10 இல நிப்பாட்டினா நான் கொஞ்சம் நம்புவன். 12ஆம் இடம் வரைக்கும்.

ஏ9 பின்கள வீரன்:
மாங்குளத்தார் 12 வரைக்கும் வந்திட்டார். இரணைமடுக் குளத்தில தண்ணி ஏறுற வேகம்.

கொக்கிளாய்க் காத்து:
பக்கக் கதை ஒண்டு: போன கிழமை எங்கட நாட்டு ரீம் கொழும்பில சைனீஸ் தாய்பேயை 3-1 அடிச்சதை ஆரும் கதைக்கேல்லை. ஆசியக் கிண்ணத் தகுதிகாண். போன செப்டெம்பரில கம்போடியாவைப் பெனால்டியில வெண்டுதான் இந்தச் சுற்றுக்கே வந்தவை. தரவரிசையில 200 ஐச் சுத்தி நிக்கிற ரீம். நம்பிக்கை வைக்கப் பழகோணும் எண்டா அங்க தொடங்குங்கோ, யுனைட்டெட் அதுக்குப் பிறகு சும்மா.

இரணைமடு வான்கதவு:
அதுக்குத் தனி இழை திறக்கிறன்.

இதில ஒண்டை முடிவெடுப்பம். ஓகஸ்டில தொடங்கிற முதல் ஆறு மட்சில என்னத்தைப் பாத்தா "ஓம், மாறியிருக்கு" எண்டு சொல்லலாம்? புள்ளியை விடுங்கோ, அது அட்டவணையில தங்கியிருக்கு.

ஏ9 பின்கள வீரன்:
கோலியின்ர நீளமான அடிக்குப் பிறகு விழுற ரெண்டாவது பந்தை ஆர் எடுக்கினம் எண்டு எண்ணுங்கோ. பத்தில அஞ்சு எங்களுக்கு வந்தால் நடு சரியா நிக்குது.

தண்ணீரூற்று:
70ஆம் நிமிசத்துக்குப் பிறகு விங்பக் ஓடுறாரோ, நடக்கிறாரோ. டோர்குவைப் பாருங்கோ, ஜனவரிச் சந்தையில லெச்சேயில இருந்து அரைப் பருவத்தில வந்து விழுந்த பிள்ளை. கோடைப் பயிற்சி வேலை செய்ததோ எண்டு அவரின்ர காலில தெரியும்.

துணுக்காய் 8:
அட்டவணை வந்திட்டுது. முதல் மட்ச் ஓகஸ்ட் 17, ஞாயிறு, எங்கட நேரம் இரவு 9 மணி. ஓல்ட் ட்ரஃபோர்டில ஆர்சனல்.

கொக்கிளாய்க் காத்து:
ஆர்சனலோ? அப்ப ஆறு மட்ச் பாக்கத் தேவையில்லை. முதல் கோர்னரிலயே தெரிஞ்சிடும்.